மூலைக்குத் திருப்பிய பைப்

நான் பைப் வேலை செய்கிறவன். கல்முனைக்குடியில் நளீர் என்று கேட்டால் எந்த நளீர் என்பார்கள். "நாளைக்கு நளீர்" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கொங்கிரீட் போட ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நிற்கும்போது, "இண்டைக்கு வேணாம், நாளைக்குப் போடுங்க" என்று திருப்பி அனுப்பி அனுப்பியே எனக்கு வந்த பட்டம் அது.

சுவரில் ஓடுகிற பைப் ஒழுகினால் சுவர் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். தரைக்குக் கீழே ஒழுகினால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் கடற்கரை மணல். எவ்வளவு ஊற்றினாலும் சத்தமில்லாமல் குடிக்கும். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். தரைக்கு அடியில் பைப் போட்டதும் கீழ்முனையை இறுக்கி அடைப்பேன். மேல்முனை வரைக்கும் தண்ணீர் நிறைப்பேன். தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒரு நாள் முழுதும் அப்படியே விடுவேன். கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்காவிட்டால்தான் மூட விடுவேன். வீட்டுக்காரர்கள் ஏசுவார்கள். ஒரு ஹாஜியார் கூலிக்காரர்களுக்கு முன்னால் என்னைப் பைத்தியக்காரன் என்றார். நான் அசையவில்லை. இருபது வருஷத்தில் எத்தனையோ வீடு.

என்னைப் புகழ்ந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் தங்கச்சி ஸம்றாவின் வீட்டில் மட்டும் நான் கடைசியாக ஒட்டிய இடத்தைத் தண்ணீர் நிறைத்துப் பார்க்காமல் மூட விட்டேன். அதைச் சொல்லத்தான் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நானும் அப்படித்தான் என் மனைவி நஜ்லாவின் வீட்டில் இருக்கிறேன். வாப்பா இல்லாத பெண்ணுக்கு வீடு கட்டுவது அண்ணனான காக்காவின் தலையில். வாப்பாவும் உம்மாவும் ஒரு வருஷ இடைவெளியில் மௌத்தாகிப்போனதும் ஸம்றா எங்களோடு வந்துவிட்டாள். ஆறு வருஷம் என் பிள்ளைகளின் அறையில் படுத்தாள். நஜ்லா அலுமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தும் உடுப்பைச் சூட்கேஸிலேயே வைத்திருந்தாள். ஒரு தரம்கூட வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைக்குச் செய்யாமல் இருக்கிறோமே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வாப்பாவின் ஆறு பேர்ச் வளவில், அந்தச் சின்ன நிலத்தில் வீட்டைத் தொடங்கினேன். பின்னால் கிணறு. அதனால் மலக்குழியை முன்னால், தெருப் பக்கமாகத் தோண்டினோம். கக்கூஸ் வீட்டின் பின்பகுதியில். அங்கிருந்து நாலு இஞ்சிப் பைப் முன்கூடமான ஹோலுக்கு அடியால் ஓடி முன்னால் போக வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அது வரும்வரைக்கும் கிணறுதான் குடிக்கவும் சமைக்கவும். மேசன் வேலைக்குப் பாண்டிருப்பு இராசதுரை அண்ணன். அவரும் நானும் பதினைந்து வருஷம் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் வைத்த கல்லை நான் சந்தேகப்பட்டதில்லை, என் பைப்பை அவர் சந்தேகப்பட்டதில்லை.

ஸம்றாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை நிந்தவூர் ஸஜாத். கத்தாரில் வேலை. ஜனவரியில் லீவில் வந்து, கலியாணம் முடித்து, மூன்று மாதத்தில் திரும்பிப் போக வேண்டும். நாங்கள் தரைக்குக் கொங்கிரீட் போட நாள் குறித்தது நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்கு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே பைப் போட்டு, தண்ணீர் நிறைத்து, புதன்கிழமை கோட்டையும் பார்த்து முடித்துவிட்டேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

வியாழக்கிழமை பகல் மாப்பிள்ளையின் உம்மா பரீனா மாமி வீடு பார்க்க வந்தார். மரியாதையான மனுஷி. குறை பிடிக்க வந்தவர் இல்லை. பலகையில் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து நடந்து, குசினி எது, அறை எது என்று கேட்டு, கக்கூஸ் வருகிற இடத்தில் நின்றார்.

"மகன், கொமட் எந்தப் பக்கம் பாத்து வரும்?"

"வடக்கப் பாத்து மாமி. கிப்லா அந்தா, மேற்க. அதுக்கு முகமும் இல்ல, முதுகும் இல்ல."

கிப்லா, அதாவது தொழுகிற திசைக்கு முகமோ முதுகோ காட்டிக் கக்கூஸில் உட்காரக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். அவர் போனை எடுத்தார். கிப்லா காட்டுகிற ஊசியைத் திறந்து, உள்ளங்கையில் வைத்து, நான் சொன்ன திசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஊசி மேற்கிலும் நிற்கவில்லை, வடக்கிலும் நிற்கவில்லை. இரண்டு சுவரும் சேர்கிற மூலையைக் குத்திக்கொண்டு நின்றது.

எங்களுக்குக் கிப்லா பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முன்னால் கிப்லா. வயலுக்குப் போனாலும், தெரியாத வீட்டுக்குப் போனாலும் கடல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்போம். வளவு, வீடு, சுவர் எல்லாம் கடற்கரையைப் பார்த்துத்தான் கோடு பிடித்தது. ஆனால் எங்கள் கடற்கரை நேர் வடக்குத் தெற்காக ஓடவில்லை, சற்றுச் சரிந்து ஓடுகிறது என்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இருபது வருஷமாகக் கடலை நம்பிக் கொமட் வைத்தவன் நான்.

"பெரிசா ஒண்டும் இல்ல மகன். கொஞ்சம் மத்த மூலைக்குத் திருப்பி வெச்சா சரியாகிரும். நாம தெரியாம செஞ்சா அல்லாஹ் மன்னிப்பான். தெரிஞ்ச பிறகு அப்புடியே விடுறது சரியில்லதானே," என்றார். குரலில் ஒரு குத்தலும் இல்லை. இரண்டு கூலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்பவே திருப்பித் தாறன் மாமி," என்றேன்.

மாமி போன பிறகு மணலைத் தோண்டிப் பைப்பை வெட்டினேன். மூலைக்குத் திருப்ப இரண்டு வளைவும் ஒரு துண்டுப் பைப்பும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மாரிகாலம். அன்று காலையில்தான் நல்ல மழை. ஒரு முழம் தோண்டியதும் கிடங்குக்குள் தண்ணீர் ஊறி வந்தது. பைப் பசை ஈரத்தில் பிடிக்காது. இது எனக்கு மற்றவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். கட்டியிருந்த சாரத்தின் முனையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஊறியது. ஒரு வளைவு நன்றாகப் பிடித்தது. மற்றதைக் கிடங்கின் அடியில் குனிந்து, கண் தெரியாமல், கைத்தடவலில் பசை பூசித் தள்ளினேன். தள்ளும்போதே கையில் ஒரு வழுக்கல். அந்த வழுக்கல் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

இராசதுரை அண்ணன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொங்கிரீட்டைச் சனிக்கிழமைக்குப் போடுவம். நாளைக்குத் தண்ணி நிறைச்சி வெச்சிப் பாப்பம்."

"கொங்கிரீட் மெசினுக்குச் சொல்லியாச்சே."

"மெசின் கிடக்கட்டும். ஈரத்துல ஒட்டினதுதானே."

"அண்ணன், இந்தப் பைப்பப் போட்டது ஆரு?"

"நீங்கதான். வேற ஆள் போட்டிருந்தா நீங்க மூட விட்டிருப்பீங்களா?"

அவர் கேட்டது நியாயம். அந்த நியாயம்தான் என்னை எரித்தது. ஒரு பொம்பிள போனைக் காட்டி என் வேலையைத் திருத்திவிட்டுப் போய் இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. இனி மேசனும் எனக்கு வேலை படிப்பிப்பதா? நாளைக்கு ஆட்கள் வந்து, "நாளைக்கு நளீர் தன்ட வீட்டுலயே தப்பு விட்டிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பதா? எனக்கு வந்தது அவ்வளவுதான். மெசின் ஒரு சாட்டு. மழை ஒரு சாட்டு. உண்மையான காரணம் என் கொழுப்பு.

"என்ட தங்கச்சிட வீட்டுக்கு நான் பிழையாப் போடுவனா? மூடுங்க," என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தரை மூடியாகிவிட்டது. நான் குளித்து ஜும்ஆவுக்குப் போனேன்.

ஜனவரியில் கலியாணம். வீட்டுக்கு வெள்ளை மாபிள், ஹோலில் பச்சைத் திரை. ஸம்றா முதல் வேலையாகச் சூட்கேஸைத் திறந்து உடுப்பையெல்லாம் அலுமாரியில் அடுக்கினாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். கக்கூஸில் கொமட் மூலைக்குக் குறுக்காக நின்றது. வந்தவர்கள் பார்த்து, மார்க்கம் தெரிந்த வேலை என்று என்னைப் பாராட்டினார்கள். ஸஜாத் நல்ல பிள்ளை. ஏப்ரலில் கத்தாருக்குத் திரும்பும்போது ஸம்றாவுக்கு இரண்டு மாதம்.

ஆவணி வெயிலில் கிணறு கீழே போனது. தண்ணீரில் ஒரு மாதிரி வாடை என்று ஸம்றா ஒருநாள் சொன்னாள். வெயில் காலத்தில் அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல், சத்தி. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கண் மஞ்சளாகியது. செங்கமாரி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த வகைச் செங்கமாரி வரவே கூடாது என்றார் டொக்டர். இது அசுத்தத் தண்ணீரால் வருகிறது, வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விரலில் அந்த வழுக்கல் வந்தது.

ஒன்பது நாள் கழித்து ஸம்றா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. கபன் துணியில் சுற்றி, மையவாடியில் அடக்க நான்தான் கொண்டுபோனேன். இரண்டு கையிலும் வைத்திருந்தும் பாரமே இல்லை. இராசதுரை அண்ணனும் வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் வராமலே போனார்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப்போனார். மலக்கிருமி கலந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. எங்கேயிருந்து கலந்தது என்று அதில் இல்லை. அவர் எங்கள் மலக்குழியையும் கிணற்றையும் அளந்தார், தூரம் போதும். அடுத்து மதிலால் எட்டிப் பார்த்தார்.

மதிலுக்கு அப்பால் சரீப் காக்கா வீடு. அறுபது தாண்டியவர், சைக்கிளில் மீன் விற்கிறவர். மனைவி ஜுனைதாவுக்கு இரண்டு முழங்காலிலும் வருத்தம். அவர்களுடைய மலக்குழி பழையது, அடி கட்டாதது, எங்கள் கிணற்றிலிருந்து இருபது அடி வராது. பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் என்றார்கள். எங்கள் வீட்டுப் பைப்பில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாளைக்கு நளீர் போட்ட பைப் அல்லவா. என் நல்ல பெயர்தான் அந்த மனிதனைக் குற்றவாளியாக்கியது.

ஸம்றா ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாள் சரீப் காக்கா வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியில் நின்று, தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"புள்ள ஸம்றா, எனக்குத் தெரியாது புள்ள. நாப்பது வருஷமா இரிக்கிற குழி. இப்புடி ஊறும் எண்டு தெரிஞ்சிருந்தா நான் மூடியிருப்பன். என்ன மன்னிச்சிக்க."

அழுதார். வயதான ஆண் அழுவதை நான் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. ஸம்றா எழும்பக்கூடத் தெம்பில்லாமல் இருந்தவள், "அழாதீங்க காக்கா, அல்லாஹ்ட நாட்டம்," என்றாள். நான் அவள் இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் மனிதன் என்று சொல்லியிருப்பேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நளீர், நீதான் வந்து என்ட கக்கூச அடைச்சித் தரணும்," என்றார். நான் போனேன். கொமட்டைக் கழற்றி, வாய்க்குள் செங்கல் வைத்து, சீமெந்து பூசி அடைத்தேன். ஜுனைதா ராத்தா எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

ஸம்றாவைப் பரீனா மாமி நிந்தவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது நாளாவது அங்கே இருந்து உடம்பு தேறட்டும் என்று. வீட்டைப் பூட்டிய திறப்பு என்னிடம் இருந்தது. ஒரு காலையில் போய், முன்னால் குழிக்குப் போகிற முனையை அடைத்து, கொமட் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஒருவேளை நிற்கும் என்று நினைத்தேன். நிற்க வேண்டும் என்று துஆக் கேட்டேன். அடைத்து வைத்த பைப்பில் தண்ணீர் போக வழியே இல்லை. என்றாலும் கண்ணுக்கு முன்னால் இறங்கியது. பகல் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் கொமட்டின் அடியில் எப்போதும் நிற்கிற தண்ணீர்தான் மிச்சம். ஊற்றியதெல்லாம் அந்த மூலைக்குள் போய்விட்டது. பன்னிரண்டு அடி தள்ளிக் கிணறு.

அதற்குப் பிறகும் பத்தொன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். பைப்பை இரகசியமாக மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாபிளை உடைக்காமல் முடியாது. உடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். நஜ்லா சோறு போட்டால் சாப்பிட்டேன், வேலைக்குக் கூப்பிட்டால் போனேன். எந்த வீட்டிலும், "நாளைக்குப் போடுங்க" என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

இருபதாம் நாள் காலையில் ஜுனைதா ராத்தாவைத் தெருவில் கண்டேன். ஒரு கையில் வாளி, மறு கை மதிலில். ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து மகள் வீட்டுக்கு, நாலு வீடு தள்ளி, கக்கூசுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு வாளியை முந்தானைக்குள் மறைத்தார். நான் அப்படியே சைக்கிளைத் திருப்பி வீட்டுக்குப் போய்க் குந்தியிருந்தேன்.

அந்த வாரம் ஸம்றா தன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மெலிந்து, தலையில் பாதி முடி கொட்டியிருந்தது. அவளை ஹோலில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். மாமியின் போன், மழை, ஈரம், இராசதுரை அண்ணன் சொன்னது, நான் சொன்னது. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

"எந்த இடம்?" என்றாள்.

காட்டினேன். எழும்பிப் போய்க் கக்கூஸ் வாசலில் நின்று அந்த மூலையைப் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள், ஏசுவாள் என்று நினைத்திருந்தேன். ஏசினால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"சரீப் காக்காக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அந்த மனிசன் எனக்கு முன்னால அழுதாரு. நீங்க எனக்குப் பின்னால நிண்டீங்க."

"ஓம்."

"அதுக்குப் பிறகு போய் அவர்ர கக்கூசயும் அடைச்சீங்க."

ஆறு வருஷம் என் வீட்டில் ஒரு சொல் அதிர்ந்து கதைக்காத பிள்ளை அப்போதும் அதிராமல்தான் கதைத்தாள்.

"மாமிக்கும் கத்தார்ல இவருக்கும் நான் சொல்லிக்கிறன். இராசதுரை அண்ணனக் கூப்பிட்டுத் தரைய உடைக்கச் சொல்லுவன், பைப்புக்கு அவர் ஒரு ஆளக் கொண்டு வரட்டும். இந்த வீட்டுல நீங்க இனி ஒரு பைப்பையும் தொட வேணாம் காக்கா. நீங்க போய் சரீப் காக்காக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு இஞ்ச வராதீங்க."

சரீப் காக்கா தன் வாசலில் குந்தி மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தெருவில் ஆட்கள் போய்வருகிற நேரம். எழும்ப வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே சொன்னேன். கழுவுவதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்த பிறகு கையைச் சாரத்தில் துடைத்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏதோ கணக்குப் பிழைத்த மனிதன்போல மீன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம் நளீர். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தப் புள்ளையச் சாவடிச்ச பாவி நான், மன்னிச்சிரு எண்டு சொல்லித்தான் தவ்பாக் கேட்டன். ஜுனைதாக்குத் தெரியாம மையவாடிக்கும் போய் அழுதன்."

"மன்னிச்சிக்கங்க காக்கா."

"மன்னிக்கிறது இரிக்கட்டும். நான் கேட்ட தவ்பாவ இனி என்ன செய்ய? அது ஆருட கணக்குக்குப் போகும்?"

"என்ட பாவம்தானே அது," என்றேன்.

"ஒன்ட பாவந்தான். ஆனா நான் அழுதத ஒனக்குத் தர ஏலாது. அத நீதான் புதுசாத் தொடங்கணும்," என்றார்.

பிறகு சுவரைப் பிடித்து மெல்ல எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சீமெந்து உடைக்கிற அலவாங்கு இருந்தது. கக்கூஸ் கதவைத் திறந்து விட்டு, நான் பூசிய சீமெந்துக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைத்துவிட்டு, மீன் விற்கப் போனார்.